கெடிலம் முதல் கொள்ளிடம் வரை: ஒரு போர்வழியின் வரலாறு

தென்னிந்தியாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட 18ஆம் நூற்றாண்டுப் போர்களைக் கூறும் நூல்கள் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி, வந்தவாசி ஆகிய ஊர்களுக்கு முதலிடம் தருகின்றன. எனினும் கெடிலம் ஆறு கடலில் சேரும் தேவனாம்பட்டினத்திலிருந்து, சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடம் கடலில் சேரும் இடம் வரையுள்ள கடற்கரைப் பகுதிதான் அந்தப் போர்களின் தொடக்கத்தையும் முடிவையும் ஒருசேரக் கண்ட நிலம். 1746 முதல் 1783 வரையிலான 37 ஆண்டுகளில் இப்பகுதியில் பல முறை கோட்டையோ நகரமோ கைமாறியது. இரண்டு பெரிய கடற்போர்கள் கரையிலிருந்து பார்க்கும் தொலைவில் நடந்தன. தில்லை நடராசர் கோயில் படை தங்கும் அரணாக மாறியது. இந்த நிகழ்ச்சிகளைக் கால வரிசையில் படிப்பதைவிட இட வரிசையில் நடந்து பார்த்தால், போர் ஏன் இந்த ஊர்களைத் தேடி வந்தது என்பது தெளிவாக விளங்கும். ஏனெனில் அதற்கான காரணங்களில் பெரும்பாலானவை ஆற்றின் முகத்திலும், மணற்கரையிலும், மேட்டிலும், கோயில் மதிலிலும் இன்றும் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கின்றன.

தேவனாம்பட்டினம்

வழி தொடங்க வேண்டிய இடம் தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டை இருந்த திடல். வணிகர் ஒருவர் கட்டியதாகச் சொல்லப்படும் சிறிய கோட்டை ஒன்று, 1677இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றிய பிறகு மராத்தியர் வசம் வந்தது. அவருடைய மகன் ராஜாராம் செஞ்சியில் இருந்துகொண்டு முகலாயப் படையை எதிர்கொண்ட 1690ஆம் ஆண்டில், சென்னை ஆளுநராக இருந்த எலிஹு யேல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அக்கோட்டையை விலைக்கு வாங்கினார். வேல்ஸ் நாட்டுப் பின்னணி கொண்ட யேல், அந்நாட்டின் காவல் புனிதராகிய டேவிட்டின் பெயரைக் கோட்டைக்குச் சூட்டினார் என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம்.

அந்த விற்பனையில் கோட்டையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட நிலத்தின் எல்லை, கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு விழும் தொலைவைக் கொண்டு முடிவு செய்யப்பட்டது. கம்பெனியார் தங்களிடம் இருந்தவற்றில் நெடுந்தொலைவு சுடக்கூடிய பீரங்கியைச் சென்னையிலிருந்து வரவழைத்து, 1690 செப்டம்பரில் பல திசைகளிலும் சுட்டு, அந்த வட்டத்துக்குள் அடங்கிய ஊர்களையெல்லாம் தமதாக்கிக்கொண்டனர். அவ்வூர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயர் இன்றும் கடலூரில் வழங்குகிறது. உழவரும் நெசவாளரும் மீனவரும் வாழ்ந்த ஊர்களின் உரிமை, அவர்களைக் கேளாமலே, வெடிமருந்தின் ஆற்றலைக் கொண்டு மாற்றப்பட்டது என்ற வகையில், இப்பகுதியின் போர் வரலாறு முதல் போருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது எனலாம்.

கம்பெனிக்கு இந்தக் கரை வேண்டியிருந்ததற்குத் துணி வணிகமே காரணம். ஆனால் பிரெஞ்சுக்காரரின் தலைமையிடமான புதுச்சேரி வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், ஒரு நாள் நடைக்குள் இருந்ததால், ஐரோப்பாவில் இரு நாடுகளும் போர் தொடுத்தவுடன் இங்கும் படை நகர்ந்தது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனே சென்னையைக் கைப்பற்றியபோது, சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் தேவனாம்பட்டினத்துக்கு மாறி, 1752 வரை இங்கேயே இருந்தது. சென்னையிலிருந்து தப்பி வந்த கம்பெனி எழுத்தர்களுள் ஒருவரான ராபர்ட் கிளைவ், பேனாவை விட்டுப் படைப்பணிக்கு மாறியது இந்தக் கோட்டையில்தான். 1748 சனவரியில் இங்கு வந்த மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ், கம்பெனியின் வெள்ளைக்காரப் படையையும், சிப்பாய்கள் எனப்பட்ட இந்தியப் போர்வீரர்களின் படையையும் ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். பின்னாளில் இந்தியா முழுவதையும் அடக்கியாண்ட படையின் தொடக்கப் பயிற்சிக் களங்களுள் ஒன்று இந்த மணல்வெளி.

கோட்டையைத் தாங்கிய கடலே அதன் பெருங்குறையாகவும் இருந்தது. கப்பல்கள் அணைவதற்கு ஏற்ற ஆழ்துறை இங்கு இல்லாததால், அவை கரைக்கு எட்டத்தில் நங்கூரமிட்டு நிற்க, பலகைகளை ஆணியில்லாமல் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள் அலையைக் கடந்து ஆளையும் பொருளையும் ஏற்றி இறக்கின. நங்கூரமிட்ட கப்பலுக்குப் புயலில் பாதுகாப்பில்லை. 1749 ஏப்ரலில் வீசிய புயலில், ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பாஸ்காவனின் கொடிக்கப்பலாகிய நமூரும், பெம்புரோக் என்ற மற்றொரு போர்க்கப்பலும் இக்கரையில் அழிந்தன. நமூரில் மட்டும் 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

1756இல் மூண்ட ஏழாண்டுப் போர் இக்கோட்டையின் முடிவாயிற்று. 1758 ஏப்ரல் 28ஆம் நாள் பிரெஞ்சுத் தளபதி லாலி பிரபு கப்பல்களோடு வந்து சேர்ந்தார். மறுநாள் கடலில் பிரெஞ்சுத் தலைவர் தாஷேயும் ஆங்கிலத் தலைவர் போக்காக்கும் மோதிய போர் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. மே மாதத் தொடக்கத்தில் கடலூர் நகரமும், சூன் 2ஆம் நாள் கோட்டையும் லாலியிடம் சரணடைந்தன. வண்டியும் மாடும் ஆளும் போதாத நிலையில், லாலி புதுச்சேரி மக்களைச் சாதி வேறுபாடோ விருப்பமோ பாராமல் பிடித்து, பீரங்கி இழுக்கவும் சுமை தூக்கவும் ஏவினார் என்று அக்கால வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். கைப்பற்றிய கோட்டையை லாலி வெடிவைத்துத் தகர்த்தார். 1760இல் வந்தவாசி வெற்றிக்குப் பின் ஆங்கிலேயர் கடலூரை மீட்டபோதிலும், புனித டேவிட் கோட்டை பழைய நிலையை மீண்டும் பெறவில்லை. ஆற்றோரத்தில் எஞ்சியிருக்கும் செங்கல் சுவர்த் துண்டுகளையும் அகழியின் தடங்களையும் காண்பவர், இது காலத்தால் சிதைந்த கோட்டை அன்று, திட்டமிட்டுத் தகர்க்கப்பட்ட கோட்டை என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

மஞ்சக்குப்பமும் முதுநகரும்

கோட்டையிலிருந்து மேற்கே நடந்தால் மஞ்சக்குப்பம் திடலும், அதையடுத்துக் கார்டன் ஹவுஸ் எனப்படும் தோட்ட மாளிகையும் வரும். கோட்டை ஆளுநர்களின் இல்லமாக இருந்து, பிற்காலத்தில் மாவட்ட ஆட்சியரின் இல்லமான இந்த மாளிகை, 1746 டிசம்பரில் முதல் கர்நாடகப் போரின் ஒரு களமாயிற்று. கர்நாடகப் போர்கள் என்பவை, ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிக்கு உட்பட்ட கர்நாடகம் எனப்பட்ட தமிழ்ப் பகுதியில் 1746 முதல் 1763 வரை மூன்று கட்டங்களாக நடந்த போர்களைக் குறிக்கும். புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேக்சு அனுப்பிய படை மாளிகையைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறியிருந்த வேளையில், நவாபின் மக்களாகிய மாபூசுகான், முகம்மதலி ஆகியோரின் குதிரைப்படை திடீரெனப் பாய்ந்ததால், பிரெஞ்சுக்காரர் பின்வாங்க நேர்ந்தது. 1748 சூனில் அவர்கள் மறுபடியும் வந்தபோது, லாரன்ஸ் கடலூர் நகரத்துப் பீரங்கிகளையும் காவலர்களையும் பகலில் வெளிப்படையாகக் கோட்டைக்கு அனுப்பி, நகரத்தைக் கைவிடுவதுபோல் போக்குக் காட்டி, இருட்டிய பின் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார். எதிர்ப்பிருக்காது என்று நம்பி மதிலை நெருங்கிய படை குண்டுமாரியில் சிதறி ஓடியது.

இந்த நிகழ்ச்சிகளுக்குத் தமிழிலேயே ஒரு சமகாலச் சான்று உண்டு என்பது இப்பகுதிக்குக் கிடைத்த பேறு. துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பும் வணிகமும் அரசியல் தூதும் கலந்த பணியைச் செய்தவராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில், கடலூர், தேவனாம்பட்டினம் ஆகியவற்றின் மீதான படையெடுப்புகள் புதுச்சேரியிலிருந்து பார்க்கும் கோணத்தில் பதிவாகியுள்ளன. இங்கிலாந்து 1752 வரை பழைய நாட்காட்டியையே பின்பற்றியதால், ஒரே நிகழ்ச்சிக்கு ஆங்கில ஆவணங்கள் தரும் தேதி பிரெஞ்சு ஆவணங்கள் தருவதைவிட 11 நாள் முந்தியதாக இருக்கும். ஐரோப்பியத் தேதியோடு தமிழ் ஆண்டும் மாதமும் நாளும் சேர்த்து எழுதிய பிள்ளையின் குறிப்பு, இத்தகைய குழப்பத்தைத் தீர்க்கவும் உதவுகிறது. தளபதிகளின் கடிதங்களில் காணக்கிடைக்காத விலைவாசியும், வதந்தியும், ஊரைவிட்டு ஓடும் மக்களின் அச்சமும் அதில் இடம்பெறுகின்றன.

கெடிலத்துக்குத் தெற்கே, இன்று முதுநகர் எனப்படும் பழைய கடலூர், வணிகரும் நெசவாளரும் சமயப் பணியாளரும் நெருங்கி வாழ்ந்த மதில்சூழ் நகரம். ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் பயின்ற சீர்திருத்தக் கிறித்தவப் போதகர்கள், 1737இல் இங்கு ஒரு பணித்தளம் அமைத்தனர். தஞ்சை மன்னர் சரபோசியின் ஆசானாக விளங்கிய சுவார்ட்சு 1750இல் தமிழ்நாட்டு மண்ணில் முதலில் இறங்கியதும் கடலூரில்தான். போர் இவர்களையும் விடவில்லை. 1758இல் லாலி நகரைப் பிடித்ததும் சுவீடன் நாட்டவரான கீர்நாந்தர் வெளியேறித் தரங்கம்பாடி சென்று, அங்கிருந்து கல்கத்தாவுக்குப் பெயர்ந்தார். 1782இல் பிரெஞ்சுக்காரர் மறுபடியும் நகருக்குள் வந்தபோது, ஜெர்மானியப் போதகர் கெரிக்கேயின் தேவாலயம் வெடிமருந்துக் கிடங்காக்கப்பட்டது. அவர் நாகப்பட்டினத்துக்குச் சென்றார்.

கேப்பர் மலை

பழைய நகரத்துக்குத் தென்மேற்கே, வண்டிப்பாளையத்தை ஒட்டிச் செம்மண் மேடாக எழும் கேப்பர் மலை, 1783 சூன் மாதப் போரைப் புரிந்துகொள்ள ஏற்ற இடம். 1780இல் மைசூர் ஆட்சியாளர் ஐதர் அலி கர்நாடகத்துக்குள் புகுந்ததும் தொடங்கிய இரண்டாம் மைசூர்ப் போரில் பிரெஞ்சுக்காரர் அவருக்குத் துணை நின்றனர். அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின் விடுதலைப் போரில் அவர்கள் ஆங்கிலேயருக்கு எதிராக இறங்கியிருந்ததன் தொடர்ச்சியே இந்தத் துணை. 1782 ஏப்ரலில் கடலூர் அவர்கள் கைக்கு வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஐதர் இறந்தார். 1783 மார்ச்சில் மூத்த தளபதி புசி பரங்கிப்பேட்டையில் இறங்கிக் கடலூர்ப் படைக்குத் தலைமையேற்றார்.

சூன் மாதத் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தலைமையில் வந்த ஆங்கிலப் படை, நகரைச் சுற்றிக் கொண்டு தெற்கே பாளையமிறங்கியது. அப்படையில் ஹானோவர் நாட்டு ஜெர்மானிய வீரர்களும் இருந்தனர். இங்கிலாந்தின் மன்னர் மூன்றாம் ஜார்ஜே ஹானோவருக்கும் ஆட்சித் தலைவராக இருந்ததால், அங்குத் திரட்டப்பட்ட இரண்டு படைப்பிரிவுகள் கம்பெனியின் பணிக்காக இந்தியா வந்திருந்தன. சூன் 13ஆம் நாள் விடியலில் தொடங்கிய தாக்குதலில், மேட்டுப்பகுதியிலும் அதன் கீழுள்ள மண்ணரண்களிலும் நாள் முழுவதும் போர் நடந்தது. ஆங்கிலேயர் தரப்பில் ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டோ காயமுற்றோ விழுந்தனர். புசி நகரத்துக்குள் பின்வாங்கினார். சூன் 20ஆம் நாள் 15 கப்பல்களுடன் வந்த பிரெஞ்சுத் தலைவர் சஃப்ரன், 18 கப்பல்களைக் கொண்ட எட்வர்ட் ஹியூசைக் கடலில் எதிர்த்தார். கப்பல்களில் ஸ்கர்வி என்னும் உயிர்ச்சத்துக் குறைபாட்டு நோயால் பலர் படுத்துவிட, குடிநீரும் தட்டுப்பட்டதால், ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். முற்றுகையிட வந்த படை, கடல்வழி உணவு வரத்தை இழந்து, தானே முற்றுகைக்குள் சிக்கியது போன்ற நிலைக்கு ஆளாயிற்று.

சூன் 25ஆம் நாள் இரவு நகரத்திலிருந்து பாய்ந்த பிரெஞ்சுப் படை முறியடிக்கப்பட்டது. அப்போது காயத்தோடு பிடிபட்டு, ஹானோவர் அதிகாரி ஒருவரின் பரிவால் பிழைத்த இளம் வீரரே பிற்காலத்தில் சுவீடன் மன்னரான பெர்னடாட் என்ற கதை 19ஆம் நூற்றாண்டு நூல்களில் விரும்பிச் சொல்லப்பட்டது. பெர்னடாட்டின் படைப்பிரிவு அக்காலத்தில் இந்தியாவுக்கு வரவில்லை என்பதால் பிற்கால ஆய்வாளர்கள் இதை ஏற்பதில்லை. கடலூரில் எவரும் வெற்றி பெறவில்லை. ஐரோப்பாவில் அந்த ஆண்டு சனவரியிலேயே முதற்கட்ட அமைதி உடன்பாடு கையெழுத்தாகியிருந்தது. அந்தச் செய்தி சூன் மாத இறுதியில் வந்து சேர்ந்ததும், சூலை 2ஆம் நாள் சண்டை நிறுத்தப்பட்டது. அமெரிக்க விடுதலைப் போரோடு தொடர்புடைய பெரும் மோதல்களில் இறுதியானது, இவ்வாறு அமைதி பிறந்து ஐந்து மாதங்களுக்குப் பின், அமெரிக்காவைப் பற்றி எதுவுமே அறியாத சிற்றூர்களின் வயல்களில் நடந்தது. 1785இல் கடலூர் ஆங்கிலேயரிடம் திரும்பியது. 1801இல் கர்நாடகம் முழுவதும் கம்பெனி வசமானபின் தென்னார்க்காட்டின் தலைநகராயிற்று.

இதே மேட்டுப் பகுதியில் பின்னர் அமைந்த கடலூர்ச் சிறை, இன்னொரு போரின் பின்விளைவையும் கண்டது. முதல் உலகப் போர் ஓய்ந்த ஒன்பதாம் நாள், 1918 நவம்பர் 20 அன்று, பிரெஞ்சுப் புதுச்சேரியை விட்டு ஆங்கிலேயர் எல்லைக்குள் வந்த சுப்பிரமணிய பாரதி கைது செய்யப்பட்டு இந்நகரச் சிறையில் வைக்கப்பட்டு, டிசம்பர் 14 அன்று விடுவிக்கப்பட்டார். 18ஆம் நூற்றாண்டுப் போர்கள் வகுத்த பிரெஞ்சு - ஆங்கில எல்லைதான் அவருக்குப் பத்தாண்டுக் காலம் புகலிடமும், அதைத் தாண்டிய அன்றே சிறையும் ஆயிற்று.

சிதம்பரம்

தெற்கே செல்லும் பாதையில் போரின் தன்மை மாறுகிறது. ஐரோப்பியர் கட்டிய அரண் இல்லாத உள்நாட்டில், படைகள் கோயில்களையே கோட்டைகளாகக் கொண்டன. திருவதிகை, விருத்தாசலம், சிதம்பரம் ஆகிய கோயில்கள் அக்காலப் போர்க் குறிப்புகளில் அடிக்கடி இடம்பெறுவதற்குக் காரணம், அவற்றின் சமய மதிப்பன்று. கருங்கல் மதிலும், உள்ளேயே வற்றாத குளமும், நெல் சேமிக்கவும் ஆள் தங்கவும் போதிய மண்டபங்களும், வருபவரைத் தொலைவிலேயே காண உதவும் கோபுரங்களும் ஒரே இடத்தில் அமைந்திருந்ததுதான். ஏறத்தாழ 40 ஏக்கர் பரப்பும், நான்கு திசைக் கோபுரங்களும், சிவகங்கைத் தீர்த்தமும், ஆயிரங்கால் மண்டபமும் கொண்ட தில்லைக் கோயில், படைத்தலைவர்களின் கணக்கில் பல ஆண்டு உழைப்பில்லாமல் கிடைத்த கோட்டை.

போர் அச்சம் தில்லைக்குப் புதிதன்று. 17ஆம் நூற்றாண்டின் இடையில், படையெடுப்புகளுக்கு அஞ்சி நடராசர் திருமேனி குடுமியான்மலைக்கும் மதுரைக்கும் கொண்டுசெல்லப்பட்டு, மராத்தியர் காலத்தில் 1686இல் மீண்டும் எழுந்தருளச் செய்யப்பட்ட செய்தியைச் செப்பேடுகள் கூறுகின்றன. அடுத்த நூற்றாண்டிலோ, போர் கோயிலைக் கடந்து போகாமல் கோயிலுக்குள்ளேயே குடியேறியது. 1749இல் தஞ்சை அரசுரிமைப் பூசலில் தலையிட்டு, கொள்ளிடத்தின் முகத்திலுள்ள தேவிக்கோட்டையைப் பிடிக்கப் புறப்பட்ட கேப்டன் கோப்பின் ஆங்கிலப் படை, தோல்வியுற்றுத் திரும்பும் வழியில் சிதம்பரத்தில் நிலைகொண்டது. அதே ஆண்டு லாரன்ஸ் நேரில் சென்று தேவிக்கோட்டையைக் கைப்பற்றினார். கிளைவ் அந்தத் தாக்குதலில் பங்கேற்றார். 1753இல் கோயிலில் இருந்த ஆங்கிலக் காவற்படை பிரெஞ்சுக்காரரிடம் அதை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 1759இல் மீட்க முயன்ற தாக்குதல் தோற்றது. 1760இல் மேஜர் மான்சனிடம் அது சரணடைந்தது. பின்னர் ஐதர் அலி அரண்களை வலுப்படுத்தித் தம் படையை உள்ளே வைத்தார்.

1781ஆம் ஆண்டுப் போராட்டம் இவற்றுள் மிகக் கடுமையானது. ஆங்கிலத் தளபதி ஐயர் கூட் அந்த ஆண்டின் முதற்பகுதியைக் கடலூரில் உணவுத் தட்டுப்பாட்டோடு கழித்தார். பிப்ரவரியில் கரையோரம் நின்ற பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் தோர்வ், கடல்வழியை அடைத்துவைத்திருந்தால் கூட்டின் படை பட்டினியால் பணிந்திருக்கும்; அவர் மொரீசியசுக்குத் திரும்பியது, ஐதருக்கு வாய்த்த பெரிய வாய்ப்பைக் கெடுத்தது. ஐதரின் நெல் சேமிப்பு இருந்த சிதம்பரம் கோயிலைக் கைப்பற்ற நினைத்த கூட், சூன் 18ஆம் நாள் இரவில் தாக்கினார். வெளிப்புறப் பேட்டை, அதாவது மதிலைச் சுற்றிய குடியிருப்பு, எளிதில் வீழ்ந்தாலும், உள்மதிலில் ஏற்பட்ட எதிர்ப்பில் அவருடைய படை சிதறிப் பின்வாங்கிப் பரங்கிப்பேட்டைக் கரைக்குச் சென்றது. இந்தத் தோல்வியால் துணிவுற்ற ஐதர், கடலூருக்குத் திரும்பும் வழியை மறித்து நிற்க, சூலை 1ஆம் நாள் பரங்கிப்பேட்டைக்கு அருகில் பெரும்போர் நடந்தது. எண்ணிக்கையில் பன்மடங்கு பெரிய மைசூர்ப் படைக்கு எதிரே ஏறத்தாழ 8,500 பேருடன் நின்ற கூட், மணல்மேடுகளைப் பயன்படுத்திப் பக்கவாட்டில் நகர்ந்தும், கரையோரம் நின்ற சிறு கப்பலின் பீரங்கித் துணை பெற்றும் வென்றார். சென்னையைக் காப்பாற்றியது இந்த வெற்றி. ஆனால் ஐதர் கலாபம் என்று மக்கள் அழைத்த அந்த ஆண்டுகளில் எரிந்த ஊர்களுக்கும், தொடர்ந்து வந்த பஞ்சத்துக்கும் எந்தத் தரப்பும் விடை சொல்லவில்லை.

நடந்து கற்க வேண்டிய வரலாறு

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில், நாஜிக் கட்சியினர் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட மாநாட்டு மண்டபத்துக்குள்ளேயே, அந்த ஆட்சியின் கொடுமைகளை விளக்கும் ஆவணக் காட்சியகம் 2001இல் திறக்கப்பட்டது; ஹாம்பர்க்கில் 1943ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் எரிந்த புனித நிக்கோலாய் தேவாலயம், திருத்திக் கட்டப்படாமல் இடிபாடாகவே நினைவிடமாகப் பேணப்படுகிறது. வழிகாட்டியோடு அந்த நகரங்களைச் சுற்றி நடப்பவர் கேட்பது, வென்றவரின் புகழையன்று. ஒரு நகரம் போருக்கு எவ்வாறு இடங்கொடுத்தது, அதற்கு என்ன விலை கொடுத்தது என்பதையே. கடலூரின் வரலாறும் அந்த முறையில் சொல்லப்பட வேண்டும். கிளைவும் லாரன்சும் துய்ப்ளேக்சும் வந்து போனவர்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் ஒரே நாளில் ஆட்சி மாறிய ஊர்களும், பீரங்கி இழுத்த கூலியாட்களும், பிறர் சண்டைக்குச் சுட்டும் சுடப்பட்டும் மாண்ட சிப்பாய்களும், மூலவர் சந்நிதிக்கு வெளியே படை தங்கக் கண்ட தில்லை மக்களும் இந்த மண்ணுக்கு உரியவர்கள்.

இந்த வழியின் வடமுனையில் தேவனாம்பட்டினத்தில் பெரியார் அரசு கலைக் கல்லூரியும், தென்பகுதியில் 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. கோட்டைத் திடல், மஞ்சக்குப்பம், முதுநகர், கேப்பர் மலை, பரங்கிப்பேட்டை, சிதம்பரம் ஆகிய ஆறு இடங்களிலும், நிகழ்ச்சியையும் நாளையும் அதில் பாதிக்கப்பட்ட உள்ளூர் மக்களையும் தமிழில் கூறும் பலகைகள் வைத்து, வரலாறு பயிலும் மாணவர்களையே வழிகாட்டிகளாகப் பழக்குவது பெருஞ்செலவு பிடிக்கும் வேலையன்று. எஞ்சிய சுவர்கள் கரைவதற்குள் மாவட்ட நிர்வாகமும் இவ்விரு கல்வி நிறுவனங்களும் அதைச் செய்ய முன்வர வேண்டும்.